சத்தமே இல்லாத வீடு

சிறுவயதில் எனக்கு ஒரு சக்தி இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளே டிவி ஓடுகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். ஒலியை முழுக்கக் குறைத்து வைத்திருந்தாலும் தெரியும். கதவு சாத்தியிருந்தாலும் தெரியும். காதுக்குள் ஊசி முனைபோல மெல்லிய ஒரு ‘ஙீ’ ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டியிடம் சொன்னால், “சத்தமே இல்லையே கண்ணு” என்பார். அவர் சொன்னது உண்மை. நான் சொன்னதும் உண்மை. எங்கள் பூனையோ டிவி பெட்டிக்கு முதுகைக் காட்டி, இரு காதுகளையும் பின்னால் மடித்துக்கொண்டு படுத்திருக்கும்.

அந்த ‘ஙீ’ எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பெருக்கல் கணக்கே விடை. பழைய டிவியின் கண்ணாடிக் குழாய்க்குள் ஓர் எலக்ட்ரான் கற்றை, கோலத்துக்கு இழை இழுப்பதுபோல, இடமிருந்து வலமாகக் கோடு கோடாக ஓடிப் படத்தை வரையும். நம் நாட்டு டிவியில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். நொடிக்கு 25 படங்கள். பெருக்கினால் 15,625. ஒவ்வொரு கோடு முடியும்போதும் கற்றையைச் சட்டென்று இடப்பக்கம் இழுத்துவர ஒரு காந்தச் சுருள் வெட்டி இழுக்கும். அந்த இழுப்பில் சுருளும் அதன் நடுவிலுள்ள கட்டியும் மிக லேசாகத் துடிக்கும். நொடிக்கு 15,625 துடிப்பு என்றால் அது ஒரு சுருதி. சிறுவன் காதுக்கு எட்டும், பாட்டி காதுக்கு எட்டாத சுருதி.

ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதை அதிர்வெண் என்கிறோம். மனிதக் காது ஏறக்குறைய 20 முதல் 20,000 வரை கேட்கும். உள்காதில் சுருண்டிருக்கும் நத்தைக்கூட்டின் வாசலிலேயே மிக உயர்ந்த சுருதிகளுக்கான மயிரிழைச் செல்கள் நிற்கின்றன. வயது ஏற ஏற முதலில் தேய்வதும் அவைதான். செத்த செல் மறுபடி முளைப்பதில்லை. அதனால் ஒவ்வொருவருக்கும் மேல்சுருதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்துகொண்டே வருகின்றன. நாற்பதைக் கடந்த பெரும்பாலோருக்கு 15,625 என்பது மூடிவிட்ட கதவு.

வீட்டிலுள்ள கருவிகளையெல்லாம் இந்தக் கதவை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். டிவி, ரிமோட், போன், சார்ஜர் எல்லாமே மனிதப் புலன் எங்கே முடிகிறது என்று அளந்து, தம் வேலையின் பெரும்பகுதியை அந்த எல்லைக்கு அப்பால் ஒளித்து வைத்துக்கொள்கின்றன. நாய்க்கும் பூனைக்கும் அந்த எல்லை வேறு இடத்தில் இருக்கிறது. நாம் பார்க்காத தையல்கள் அவற்றுக்குத் தெரிகின்றன.

நம் சுருதிக்கு மேலே

இசைக் கணக்கில் சொன்னால் இது எளிதாகப் புரியும். அதிர்வெண் இரட்டித்தால் ஒரு ஸ்தாயி ஏறுகிறது. 20-லிருந்து 20,000 வரை நம் காதுக்குக் கிட்டத்தட்ட பத்து ஸ்தாயி. நாயின் காது ஏறக்குறைய 45,000 வரை போகிறது. நாம் முடிக்கும் இடத்திலிருந்து அதற்கு இன்னும் ஒரு ஸ்தாயிக்கும் சற்று அதிகம். பூனைக்கு, போதிய அளவு உரக்க ஒலித்தால், 85,000 வரை கேட்கிறது என்று 1985-இல் அளந்திருக்கிறார்கள். நமக்கு மேலே முழுதாக இரண்டு ஸ்தாயி! ஒரு சாதாரண ஆர்மோனியத்தில் மொத்தமே மூன்று, மூன்றரை ஸ்தாயிதான் இருக்கும். அதில் பாதிக்கு மேலான கட்டைகளை நமக்குக் கேட்காமல் பூனைக்கு மட்டும் வாசிக்கலாம்.

இவ்வளவு உயரம் எதற்கு? எலிக்காக. எலிக்குஞ்சு தாயைக் கூப்பிடும் குரல் பெரும்பாலும் 40,000-க்கு மேல் போகிறது. நம் காதுக்கு அந்த மூலை நிசப்தம். பூனைக்கு அது இரையின் முகவரி. ஒலி உயர உயர அதன் அலை சிறுக்கிறது. 20,000 அதிர்வில் ஓர் அலையின் நீளம் சுமார் 1.7 செ.மீ. 60,000-இல் ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவு, அதாவது ஒரு கொண்டைக்கடலை அளவுகூட இல்லை. சிறிய தலை கொண்ட விலங்கு ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று துல்லியமாக அறிய வேண்டுமானால் இப்படிப்பட்ட சின்ன அலைகள் தேவை. அவற்றை அள்ளுவதற்கென்றே பூனையின் இரு காதுகளும் தனித்தனியாகச் சுழலும் புனல்களாக இருக்கின்றன. ஒன்று சமையலறையைக் கேட்கும்போது மற்றது வாசலைக் கேட்கும்.

இந்த மேல்மாடியை முதலில் தட்டிப்பார்த்தவர் இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் கால்டன். 1876-இல் மிகச் சிறிய ஊதுகுழல் ஒன்றை உருவாக்கினார். அதை உள்ளீடற்ற கைத்தடி ஒன்றின் நுனியில் பொருத்தி, பிடிக்கு அடியில் ஒரு ரப்பர்க் குழாய்த் துண்டை வைத்து, அதை அழுத்தினால் ஊதும்படி செய்தார். விலங்குக்காட்சி சாலையில் கூண்டுக்குக் கூண்டு நடந்து, ஒவ்வொரு விலங்கின் காதருகேயும் தடியை நீட்டி அழுத்துவார். காது அசைகிறதா என்று பார்ப்பார். தெருக்களிலும் அதே வேலை. அவர் சோதித்த விலங்குகளில் கீச்சொலி கேட்பதில் பூனையை மிஞ்சியது எதுவும் இல்லை. சிறிய நாய்கள் திரும்பிப் பார்த்தன. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத் தெருக்களில் படுத்துக்கிடந்த பெரிய நாய்களிடம் மணிக்கணக்கில் முயன்றும் ஒன்றுகூட அசையவில்லை என்று எழுதிவைத்தார். இன்று நாய்ப் பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் ஓசையற்ற விசில் அந்தக் கைத்தடியின் வாரிசு.

எண்பது ஆண்டு கழித்து அதே ரகசிய ஸ்தாயி வீட்டுக் கூடத்துக்குள் வந்தது. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1955-இல் ஒளிக்கற்றையால் இயங்கும் ரிமோட் ஒன்றை விற்றது. வெயில் ஜன்னல் வழியே விழுந்தாலும் சேனல் மாறியது. அதற்கு மாற்றாக ராபர்ட் அட்லர் 1956-இல் கொண்டுவந்த ரிமோட் அழகின் உச்சம். அதில் பேட்டரி கிடையாது, மின்சுற்று கிடையாது. உள்ளே நான்கு சின்ன அலுமினியக் கம்பிகள். பொத்தானை அழுத்தினால் ஒரு குட்டிச் சுத்தியல் கம்பியைத் தட்டும். கோயில் மணி ஒலிப்பதுபோலவே கம்பியும் ஒலிக்கும், ஆனால் நொடிக்கு 40,000 அதிர்வை ஒட்டி. நான்கு கம்பிக்கும் நீளத்தில் நூலிழை வித்தியாசம், அதனால் நான்கு சுருதி, நான்கு கட்டளை. டிவியில் உள்ள ஒலிவாங்கி அதைக் கேட்டு சேனலை மாற்றும். மனிதர் காதுக்கு எட்டாத இப்படிப்பட்ட ஒலிக்கு மீயொலி என்று பெயர். ஆனால் 40,000 என்பது நாயின் எல்லைக்குள் இருக்கிறது. ஆயிரக்கணக்கான வீடுகளில் எஜமானர் சேனல் மாற்றிய ஒவ்வொரு முறையும் காலடியில் படுத்திருந்த நாய்க்கு ஒரு மணி அடித்தது. இன்னொரு விந்தையும் உண்டு. யாராவது சாவிக்கொத்தைக் குலுக்கினால்கூடச் சேனல் மாறிவிடும். சாவிகள் உரசும்போது நமக்குக் கேட்கும் கலகலப்புக்கு மேலே மீயொலியும் சிதறுகிறது.

இன்றைய ரிமோட் பேசுவது அகச்சிவப்பில், அதாவது கண்ணுக்குத் தெரியும் சிவப்பையும் தாண்டிய ஒளியில். அதன் நுனியிலுள்ள சிறு விளக்கு பெரும்பாலும் நொடிக்கு 38,000 முறை மினுக்குகிறது. இவ்வளவு வேகமாக மினுக்குவது அடையாளத்துக்காக. வெயிலிலும் குண்டு பல்பிலும் அகச்சிவப்பு ஏராளம். ஆனால் அவை எதுவும் இப்படி மினுக்குவதில்லை. டிவி இந்தத் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை உதறிவிடுகிறது. போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, அதன் எதிரே ரிமோட்டை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் ஊதா நிறப் பொட்டு ஒன்று துடிப்பது தெரியும். கேமராவுக்குத் தெரிவது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. இந்த முறை நாய்க்கும் பூனைக்கும்கூடத் தெரியாது.

மினுக்கும் திரை

பழைய டிவியை நாய் ஏன் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்று கேட்டால், “அதற்கு என்ன புரியும்” என்று சொல்லிவிடுவோம். காரணம் புரிதலில் இல்லை, கண்ணின் வேகத்தில் இருக்கிறது. ஒரு விளக்கை அணைத்து அணைத்து ஏற்றிக்கொண்டே வேகத்தைக் கூட்டினால் ஒரு கட்டத்தில் மினுக்கல் மறைந்து ஒரே வெளிச்சமாகத் தெரியும். மனிதருக்கு அது பொதுவாக நொடிக்கு 50 முதல் 60. சினிமாக்காரர்கள் இதை வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். படச்சுருளில் நொடிக்கு 24 படங்களே உண்டு. அப்படியே காட்டினால் கண் கூசும். அதனால் ஒவ்வொரு படத்தையும் இருமுறை வெட்டி வெட்டிக் காட்டி 48 ஆக்கினார்கள். திரையரங்கில் பாதி நேரம் நாம் இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அது தெரியவே இல்லை.

நாயின் கண்ணுக்கு அந்த வேகம் சுமார் 75. பழைய டிவி தன் 25 படங்களில் ஒவ்வொன்றையும் இரு பாதியாகக் காட்டி, நொடிக்கு 50 முறை மின்னியது. நமக்கு ஓடும் படமாகத் தெரிந்தது நாய்க்குப் பழுதான குழல்விளக்கு போலத் துடித்திருக்கும். இன்றைய தட்டைத் திரை வேறு வகை. அதிலுள்ள திரவப் படிகங்கள் அடுத்த படம் வரும்வரை முந்தைய படத்தை அணையாமல் தாங்கி நிற்கின்றன. இடையில் இருட்டு இல்லை. புதிய டிவி வந்தபின் திரையில் ஓடும் குதிரையைக் கண்டு குரைக்கும் நாய்கள் பெருகியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

நிறத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. போன் திரையில் ஒரே ஒரு சின்னத் துளி தண்ணீரை வையுங்கள். துளி பூதக்கண்ணாடியாகி, சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றே நிறப் புள்ளிகளைக் காட்டும். மாம்பழ மஞ்சளும் மயில்கழுத்து நிறமும் இந்த மூன்றின் கலவையே. மூன்று என்ற எண்ணிக்கை திரையின் குணமல்ல, நம் கண்ணின் குணம். நம் விழித்திரையில் நிறம் பிரிக்கும் கூம்புச் செல்கள் மூன்று வகை. ஒவ்வொன்றையும் தூண்ட ஒரு விளக்கு போதும். நாய்க்கு இரண்டே வகை. ஒன்று ஊதாநீலத்தை ஏற்கும், மற்றது மஞ்சள்பச்சையை. நாய்கள் திரை செய்தால் இரண்டு புள்ளிகளோடு நிறுத்திக்கொள்ளும். புல்வெளியில் சிவப்புப் பந்தை வீசினால் நம் கண்ணில் அது பளிச்சென்று அறையும். நாய்க்கோ மங்கலான பழுப்பு மஞ்சளில் கிடக்கும் பழுப்பு மஞ்சள் உருண்டை. மூக்கால் துழாவித்தான் அது எடுக்கும். அடுத்த முறை நீலப் பந்து வாங்குங்கள்.

இருட்டிலோ நாம் தோற்றுப்போகிறோம். நமக்குத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தால் பூனைக்கு வழி தெரியும். அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் படலம் இருக்கிறது. செல்கள் பிடிக்கத் தவறிய ஒளியை அது திருப்பி அனுப்பி, பிடிக்க இரண்டாம் வாய்ப்பு தருகிறது. அதிலும் தப்பிய ஒளிதான் ராத்திரியில் நம்மை நோக்கிப் பச்சையாகப் பளபளக்கும் கண். பகலில் இவ்வளவு கூர்மையான கருவி கருகிவிடாதா? அதற்குத்தான் நெட்டைக் கோடாகச் சுருங்கும் கண்பாப்பா. நம் கண்மணியின் திறப்பு சுமார் 15 மடங்கு விரியும். பூனையினுடையது 135 மடங்கு. எந்த போன் கேமராவின் துளைக்கும் இந்த வீச்சு இல்லை. கொடுத்த விலை, கூர்மை. நாம் 100 அடியில் பார்ப்பதைப் பார்க்கப் பூனை 20 அடிக்கு வர வேண்டும். மூக்குக்கு நேர் கீழே வைத்த மீன் துண்டு அதற்குத் தெரியாது. அப்போது மீசையை முன்னால் வளைத்துத் தொட்டுப் பார்க்கும்.

அந்தப் படலத்தின் தந்திரத்தை ஒருவர் சாலைக்குக் கொண்டுவந்தார். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த பெர்சி ஷா, 1934-இல் சாலை நடுவே பதிக்கும் ஒளிதிருப்பிக் குமிழுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் ‘பூனைக்கண்’ என்றே பெயர் வந்தது. கண்ணாடி மணிகளை ரப்பரில் பதித்தார். வண்டிச் சக்கரம் மேலே ஏறும்போது ரப்பர் அமுங்கி, கண்ணிமைபோல மணிகளைத் துடைத்துவிடும். துடைப்பதற்குத் தண்ணீர்? அடியிலுள்ள குழியில் மழைநீர் தேங்கி நிற்கும். தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் கண்! இரவு நெடுஞ்சாலையில் நம் பேருந்துக்கு முன்னால் வரிசையாக எரியும் பொட்டுகளுக்குப் பின்னால் இருப்பது இந்த யோசனைதான்.

பாதமும் தொடுதிரையும்

பூனை போன்மேல் நடந்தால் போன் விழித்துக்கொள்கிறது. பென்சிலால் தட்டினால் அசைவதில்லை. தொடுதிரை அழுத்தத்தை அளப்பதில்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்பட்டிருக்கின்றன. இண்டியமும் வெள்ளீயமும் கலந்த ஆக்சைடு என்ற பொருள் மின்சாரத்தையும் கடத்தும், ஒளியையும் விடும் என்பதால் இது முடிகிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் சிறிதளவு மின்னூட்டம் தேங்கி நிற்கிறது. உப்பும் நீரும் நிறைந்த உடல் அருகில் வந்தால் அதில் கொஞ்சத்தை அது இழுத்துக்கொள்கிறது. நொடிக்கு 60 முறைக்கும் மேலாக எல்லாச் சந்திப்புகளையும் போன் எண்ணிப் பார்த்து, எங்கே குறைகிறது என்று கண்டுபிடிக்கிறது. பூனையின் உடம்பெல்லாம் ரோமம், அது மின்சாரம் கடத்தாது. ஆனால் பாதத்தின் அடியிலுள்ள மெத்தைகளில் ரோமம் இல்லை. நாயும் பூனையும் வியர்ப்பதும் அந்த மெத்தைகளில்தான். ஈரம் கசியும் வெறும் தோல், விரல் நுனிக்குச் சமம். நகம் பட்டால் மட்டும் போனுக்குத் தெரியாது. ஆகவே பூனை நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு மெத்தையால் தட்டும்போதுதான் உங்கள் பெரியம்மாவுக்கு அழைப்பு போகிறது.

செட்டாப் பாக்ஸின் மேல் பூனை ஏறிப் படுப்பதற்கும் கணக்கு உண்டு. உடல் தன் வெப்பத்தைக் காக்கத் தனியாக உழைக்க வேண்டாத சூழல் பூனைக்கு 30 முதல் 38 பாகை. விசிறி சுழலும் கூடத்தில் நமக்கு இதமாக இருக்கும் 26 பாகை, பூனைக்குச் சற்றே குளிர். ரிமோட்டில் அணைத்தபின்னும் செட்டாப் பாக்ஸ் உள்ளுக்குள் விழித்திருந்து மின்சாரத்தை வெப்பமாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. எந்தக் கருவி உண்மையாக அணைந்திருக்கிறது, எது பாசாங்கு செய்கிறது என்று மின்மீட்டருக்கு முன்பே பூனையின் வயிறு அறிந்துவிடுகிறது.

விழும் போனும் விழும் பூனையும்

போனைப் படுக்கை வாட்டில் திருப்பினால் படமும் திரும்புகிறது. உள்ளே முடுக்கமானி என்ற கருவி இருக்கிறது. சிலிக்கானில் செதுக்கிய இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல் கோத்து வைத்ததுபோன்ற அமைப்பு. பற்களின் இடைவெளி தலைமுடியைவிட மெல்லியது. ஒரு சீப்பு அசையாது, மற்றது நுண்ணிய வில்லில் தொங்குகிறது. போன் சாய்ந்தால் தொங்கும் சீப்பு சாய்ந்த பக்கம் சரிகிறது. போன் கைதவறி விழும்போது ஒரு விசித்திரம் நடக்கிறது. சீப்பும் போனும் சேர்ந்தே விழுவதால் எதுவும் எதையும் இழுப்பதில்லை. கருவி பூச்சியம் காட்டுகிறது. பூச்சியம் என்றால் விழுந்துகொண்டிருக்கிறோம் என்று பொருள். முந்தைய தலைமுறை மடிக்கணினிகளில், 2003 முதல், இந்தச் செய்தி கிடைத்ததும் ஹார்ட் டிஸ்க்கின் ஊசி தட்டிலிருந்து விலகிப் பத்திரமான ஓரத்துக்கு ஓடிவிடும். 75 செ.மீ. மேசையிலிருந்து தரையைத் தொட 0.4 நொடிகூட ஆகாது.

பூனையின் உள்காதில் அதே கருவி சுண்ணாம்பில் இருக்கிறது. மயிரிழைகளின் மேல் கால்சியம் கார்பனேட் படிகங்கள் குவிந்து கிடக்கின்றன. சாய்ந்தால் படிகம் சரியும், மயிரிழை வளையும், மூளைக்குச் சேதி போகும். போன் தான் விழுவதைத் தெரிந்துகொண்டும் சும்மா விழுகிறது. பூனை வேலையைத் தொடங்குகிறது. பிடித்துத் தள்ள எதுவுமில்லாத வெட்டவெளியில் ஓர் உடல் எப்படித் தானாகப் புரளும்? முடியாது, விடும் கையை உதைத்துத்தான் புரள்கிறது என்று அறிஞர்களே நம்பினார்கள். 1894-இல் பாரிஸில் எத்தியென் ஜூல் மரே நொடிக்கு 60 படம் எடுக்கும் கேமராவால் விழும் பூனையைப் படம்பிடித்து அதைப் பொய்யாக்கினார்.

ரகசியம் உடலை இரண்டாகப் பிரிப்பதில் இருக்கிறது. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கையை விரித்தால் மெதுவாகவும், மடக்கினால் வேகமாகவும் சுற்றுவோம் அல்லவா? பூனை முன்னங்கால்களை மடக்கிப் பின்னங்கால்களை நீட்டிக்கொள்கிறது. முன்பாதி சட்டென்று அரைவட்டம் திரும்புகிறது. பின்பாதி எதிர்ப்பக்கம் கொஞ்சமே நகர்கிறது. பிறகு முன்னங்காலை நீட்டிப் பின்னங்காலை மடக்குகிறது. இப்போது பின்பாதியின் முறை. ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுகி, அவிழ்ந்து, நான்கு பாதத்தில் இறங்குகிறது. இதைச் சொல்லிக்கொடுக்க யாருமில்லை. பிறந்த மூன்று, நான்கு வாரத்தில் குட்டி தானே தொடங்கிவிடுகிறது.

நாக்கு, தோல், மூக்கு

காலையில் பால் கிண்ணத்தின் முன் பூனை குனியும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நக்குவதுபோல் தெரியும், ஆனால் அது பாலை நக்குவதில்லை. நாக்கு நுனியின் மேற்பக்கம் பாலின் பரப்பை மெல்லத் தொட்டுவிட்டு, நொடிக்கு முக்கால் மீட்டருக்கும் மேலான வேகத்தில் வாய்க்குள் திரும்புகிறது. நுனியோடு ஒட்டிய பால், கம்பிபோல் எழும்பி மேலே வருகிறது. ஈர்ப்பு விசை அதை அறுத்துக் கீழே இழுப்பதற்கு ஒரு கணம் முன்பு பூனை வாயை மூடிக்கொள்கிறது. நொடிக்கு ஏறக்குறைய நான்கு முறை. ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு மில்லிலிட்டர் அளவு. ஒரு தேக்கரண்டிப் பாலுக்கு இப்படி ஐம்பது முறை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ரோமன் ஸ்டாக்கர் தன் வீட்டுப் பூனை குடிப்பதைக் கண்டு வியந்து, நண்பர்களோடு அதிவேகக் கேமராவில் பிடித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு இது. முகவாயும் மீசையும் நனையாமல் குடிக்கும் வித்தையை நாம் தினமும் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறோம்.

குளிப்பாட்டிய நாய் உதறும்போது விலகி ஓடுகிறோம். அது ஒரு வாஷிங் மெஷினின் ஸ்பின் ஓட்டம். நனைந்த 27 கிலோ நாயின் ரோமத்தில் அரைக்கிலோ தண்ணீர் தங்குகிறது. அதை உடல் சூட்டாலேயே காயவைத்தால் அன்றைய உணவின் ஐந்தில் ஒரு பங்கு சக்தி தீர்ந்துவிடும். ஜார்ஜியா டெக்கின் டேவிட் ஹூ குழுவினர் எலி முதல் கரடிவரை உதறலை அளந்தார்கள். லாப்ரடார் நொடிக்கு நான்கைந்து முறை, சுண்டெலி சுமார் 30 முறை. உடல் சிறுத்தால் சுழலும் வட்டமும் சிறுக்கிறது, தண்ணீரை வீசி எறிய வேகம் கூட வேண்டும். நாயின் முதுகெலும்பு பக்கத்துக்கு 30 பாகைதான் திரும்புகிறது. அதன்மேல் தளர்ந்து கிடக்கும் தோல் 90 பாகைவரை வீசிச் சுழல்கிறது. தொளதொளவென்ற அந்தத் தோல் நாய்க்குக் கிடைத்த சாட்டை. நான்கே நொடியில் முக்கால் பங்கை ஒட்டிய தண்ணீர் போய்விடுகிறது.

மூக்கைப் பற்றி ஒரே சேதி. மோப்பம் பிடிக்கும்போது நாய் நொடிக்கு ஐந்து முறை இழுத்து விடுகிறது. விடும் மூச்சு முன்னால் வராமல் மூக்கின் பக்கவாட்டுக் கீறல் வழியே கீழும் பின்னும் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் முன்னாலுள்ள புதுக்காற்றை மூக்கை நோக்கி இழுத்துவருகிறது. மூச்சை வெளியே விட்டே வாசனையை உள்ளே வரவழைக்கும் இந்த உத்தியை, அமெரிக்கத் தர அளவீட்டு நிறுவனத்தின் மாத்யூ ஸ்டேமேட்ஸ் 2016-இல் ஒரு வெடிபொருள் கண்டறியும் கருவிக்குக் கொடுத்துப் பார்த்தார். நாய் மூக்கைப் பின்பற்றி முப்பரிமாண அச்சில் வார்த்த ஒரு முனையை அதன் வாயில் மாட்டி, நாய்போலவே முகர வைத்தார். நான்கு செ.மீ. தொலைவில் கருவியின் திறன் 16 மடங்கு கூடியது.

சுவரில் செருகிய கருவி

போன் சார்ஜருக்குள் ஒரு மின்னணு ஸ்விட்ச் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தை 20,000-க்கு மேலே வைப்பதற்கு ஒரு காரணம், நம் காது அமைதியாக இருக்கட்டும் என்பது. பூனைக்கு அங்கே இன்னும் இரண்டு ஸ்தாயி பாக்கி இருக்கிறது என்று வடிவமைத்தவர் யோசித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் பூனையையும் நாயையும் வளர்க்கும் நாம் யோசிக்கலாம். குறிப்பாக எலியை விரட்ட மீயொலி எழுப்பும் கருவி என்று கடைகளில் கிடைப்பதைச் சுவரில் செருகும்போது. நமக்கு அதில் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரியும். அதே அறையில் கட்டிப்போட்ட நாய்க்கும், கட்டிலடியில் படுத்த பூனைக்கும் அது இரவு முழுக்க ஊதும் சங்கு. எழுந்து வேறு அறைக்குப் போக வழியாவது விட்டுவைக்க வேண்டும்.

பாட்டியின் வயதை நான் இன்னும் எட்டவில்லை. ஆனால் பழைய டிவி ஒன்றைத் தேடிப் பிடித்து ஓடவிட்டால், அதன் ‘ஙீ’ இனி எனக்குக் கேட்காது. இப்போது வீட்டில் உள்ள பூனை சில இரவுகளில் தலையைத் தூக்காமல் ஒரு காதை மட்டும் வெறும் சுவரை நோக்கித் திருப்பும். முன்பெல்லாம், “அங்கே ஒன்றும் இல்லை” என்று அதனிடம் சொல்வேன். இப்போது எழுந்துபோய் அந்தச் சுவரில் என்ன செருகியிருக்கிறது என்று பார்க்கிறேன். பெரும்பாலும் யாரோ கழற்ற மறந்த ஒரு சார்ஜர் இருக்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து படுக்கிறேன். காது சில சமயம் பழைய இடத்துக்குத் திரும்புகிறது.